ஆரஞ்சு பெல்ட் வாங்கிய பிள்ளை ஏன் கத்தவில்லை

ஏதாவது ஒரு ஊரில் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகச் செய்தி வந்தால், அன்று சாயங்காலமே எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "பக்கத்துல நல்ல கராத்தே கிளாஸ் எதுங்க? பாப்பாவைச் சேர்க்கணும்." ஆளுக்கொரு மாஸ்டர் பெயரைச் சொல்வார்கள். அந்தக் கேள்வியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். என் மகனுக்கு அது நடந்தபோது அவன் ஒன்றரை வருடமாகக் கராத்தே கற்றுக்கொண்டிருந்தான். வெள்ளை, மஞ்சள் எல்லாம் தாண்டி ஆரஞ்சு பெல்ட் வாங்கியிருந்தான். சேர்க்கைக் கட்டணம், வெள்ளைச் சீருடை, மாதம் 700 ரூபாய், ஒவ்வொரு பெல்ட்டுக்கும் தனித்தேர்வுக் கட்டணம் என்று ஏறக்குறைய 18,000 ரூபாய் கட்டியிருந்தோம். அவன் உதைத்தால் என் தோள் உயரத்துக்குக் கால் வரும். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு வார்த்தை கத்தவில்லை, ஒரு கையைத் தட்டிவிடவில்லை. ஏன் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. புரிந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர், பள்ளி, பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்ட குழந்தை யாரென்று தெரியும்படியான எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. எழுதுவதற்கு முன் மகனிடம் கேட்டேன். படித்துப் பார்த்து, இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன்.

அப்போது அவன் நான்காம் வகுப்பு. இப்போது ஏழாம் வகுப்பு. அவன் அப்பா மஸ்கட்டில் வேலை. நான் ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிறேன். ஆறு மணிக்கு முன்னால் வீடு வர முடியாது. பள்ளிப் பேருந்து எங்கள் தெருப்பக்கம் வராது என்பதால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆம்னி வேனில் போய்வந்தார்கள். ஓட்டுநர் எல்லோருக்கும் பழக்கமானவர். கோவில் திருவிழாவில் அன்னதானத்துக்கு முன்னால் நிற்பவர். பிள்ளைகள் "வேன் அண்ணா" என்றுதான் கூப்பிடுவார்கள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார். "உங்க பையன் ரொம்ப சமத்துங்க" என்பார். எங்கள் வீடுதான் கடைசி நிறுத்தம்.

பிறகு மகன் துண்டு துண்டாகச் சொன்னதை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான், இப்படிப்பட்டவர்கள் குழந்தையை எப்படிப் பழக்குகிறார்கள் என்பது தெரிந்தது. முதலில் முன்சீட்டில் உட்காரும் உரிமை. மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகை அது. பிறகு கேம் விளையாட போன் தருவது. "அம்மாகிட்டச் சொல்லிராத, உனக்குத்தான் திட்டு விழும்" என்று முதல் ரகசியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் போன் தருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சின்ன ரகசியத்தைப் பிள்ளை காப்பாற்றுகிறானா என்று பல வாரம் பார்த்திருக்கிறார். காப்பாற்றினான். அதற்குப் பிறகுதான், மற்ற பிள்ளைகள் இறங்கிய பின் வரும் அந்தப் பத்து நிமிடத்தில், தொடக்கூடாத இடத்தில் தொட ஆரம்பித்திருக்கிறார். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை, தேவையும் இல்லை. அந்த ஆள் பிடித்து இழுக்கவில்லை, மிரட்டவில்லை, அடிக்கவில்லை. கராத்தேயில் என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் எதிரே ஒருவன் பாய்ந்து வந்தால் என்ன செய்வது என்பதுதான். தனக்குப் பிடித்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே கையை வைத்தால் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எங்கேயும் யாரும் சொல்லவில்லை.

உடம்பு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் வேன் வரும் நேரத்துக்கு வயிற்றுவலி வரும். சனி, ஞாயிறு வராது. விட்டுப்போயிருந்த படுக்கை ஈரமாகும் பழக்கம் திரும்ப வந்தது. குளியலறைக்குள் போனால் வெகுநேரம் வரமாட்டான். தங்கை முறை ஆகும் சின்னப் பிள்ளையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தான். வயிற்றுவலிக்காக இரண்டு மருத்துவர்களிடம் காட்டினேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, அல்சர் மாத்திரை என்று 6,000 ரூபாய்க்கு மேல் போனது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதம் வந்தது. "பள்ளிக்கூட நாளில் மட்டும் வலிக்குதா? யாரோட போறான், யாரோட வர்றான்?" என்று எந்த மருத்துவரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு இப்படி நாள் பார்த்து, நேரம் பார்த்து, ஒரு ஆளைப் பார்த்து உடம்புக்கு முடியாமல் போனால், மாத்திரையோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் நீங்களே கேட்டுப் பாருங்கள். எல்லா வயிற்றுவலிக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. பழக்கம் திடீரென மாறினால் ஆட்களைப் பற்றியும் யோசியுங்கள்.

அவன் நேராக வந்து சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, ஒருத்தர் ரகசியம்னு சொன்னதை வெளிய சொன்னா சாமி கண்ணைக் குத்துமா?" என்றான். குழந்தைகள் இப்படித்தான் ஓரத்தில் ஒரு கல்லைப் போட்டுப் பார்க்கிறார்கள். நாம் பதறுகிறோமா, கோபப்படுகிறோமா, சிரித்துத் தள்ளிவிடுகிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வார்கள். "சாமி அப்படிச் செய்யாது கண்ணு. உனக்குக் கஷ்டமா இருக்கிற ரகசியம்னா அம்மாகிட்டச் சொல்லலாம்" என்றேன். காய் நறுக்குவதை நான் நிறுத்தவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும் என்று ஏதோ தோன்றியது. கை நடுங்கியது. அவன் சொல்லி முடித்த பிறகு கேட்டதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "நான் கராத்தே போடலைன்னு மாஸ்டர் திட்டுவாரா அம்மா? பெல்ட்டைத் திருப்பி வாங்கிக்குவாங்களா?"

ஒன்பது வயதுப் பிள்ளை அத்தனை வாரமும் சுமந்துகொண்டிருந்தது இதைத்தான். 'எனக்குச் சண்டை போடத் தெரியும், நான் போடவில்லை, ஆகவே தப்பு என்னுடையது.' தற்காப்பு என்ற பெயரில் அடியையும் உதையையும் மட்டும் சொல்லிக்கொடுத்து, "உன்னை எவனாவது தொட்டா பிச்சு எறிஞ்சிரணும்" என்று உசுப்பேற்றி அனுப்புகிற பெற்றோர் எல்லோரும் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். பயம் வரும்போது ஓடுவதும் எதிர்ப்பதும் மட்டும் நடப்பதில்லை. உடம்பு அப்படியே உறைந்து நின்றுவிடுவதும் உண்டு. நாக்கு எழும்பாது, கை அசையாது. பெரியவர்களுக்கே நடக்கும். அது கோழைத்தனம் கிடையாது, உடம்பின் இயல்பு. அதனால் குழந்தைக்கு முதலில் சொல்லிவைக்க வேண்டியது: "அந்த நேரத்துல உன்னால கத்த முடியலைன்னாலும் பரவாயில்லை. ஓட முடியலைன்னாலும் பரவாயில்லை. அப்புறம் வந்து சொன்னாப் போதும். அடுத்த நாள் சொன்னாலும் சரி, அடுத்த வருஷம் சொன்னாலும் சரி, நான் நம்புவேன், திட்ட மாட்டேன்." கராத்தே வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் சேருங்கள்.

அன்று நான் அவனிடம் கேட்டது யார், எங்கே, எப்போதிலிருந்து என்பது மட்டும்தான். "ஏன் முன்னாடியே சொல்லல", "ஏன் கத்தல" என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பிறகு உதவிக்கு வந்த பெண் சொன்னார்: குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது, நாமே விடையைச் சொல்லி ஆமாவா இல்லையா என்று கேட்கவும் கூடாது, பின்னால் நீதிமன்றத்தில் அது பிள்ளையின் வார்த்தையா அம்மாவின் வார்த்தையா என்று கேள்வி வரும். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அது பின்னால் எனக்கு மிகவும் பயன்பட்டது.

அன்று இரவு நான் தனியாக இருந்தேன். கணவரிடம் போனில் சொன்னபோது மறுமுனையில் அழும் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு விடுப்பு கிடைக்க வாரங்கள் ஆகும். உறவில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர், "பையன்தானே, பொண்ணா இருந்தாத்தான் பிரச்சனை. வேனை மாத்திட்டு விட்டுரு அம்மணி" என்றார். இன்னொருவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆளின் கையை உடைத்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். இரண்டுமே குழந்தைக்கு உதவாது. அடித்தால் அந்த ஆள் தப்பி ஓடுவான், போனில் இருப்பதை அழிப்பான், வழக்கு நம் பக்கமே திரும்பும். கிளம்பிய உறவினரை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த ஆளிடம் போய் நேரில் கேட்கவும் வேண்டாம். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி வேனை அனுப்பிவிடுங்கள்.

"பையன்தானே" என்பதற்கு ஒரு பதில். போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாத எவரும்தான், ஆண் பெண் பேதம் கிடையாது. 2007இல் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கும் சற்று மேல் பையன்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தை நம்பிய இடத்தில் இருந்தவர்கள். பெண்பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிற வீட்டில்கூடப் பையனை யாரோடு வேண்டுமானாலும் அனுப்பிவிடுகிறோம். பையனிடம் "ஆம்பளப் பையன் அழலாமா" என்று வேறு சொல்லிவைத்திருக்கிறோம். அவன் எப்படி வந்து சொல்வான்?

இரவு 1098க்குக் கூப்பிட்டேன். குழந்தைகளுக்கான இலவச உதவி எண். பேசிய பெண் முதலில் கேட்டது, "பிள்ளை இப்போ சாப்பிட்டானா, தூங்குறானா?" என்றுதான். அதற்கே எனக்கு அழுகை வந்தது. அடுத்தநாள் ஒருவர் கூடவே வந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் பாதி விஷயம் எனக்குத் தெரிந்திருக்காது. காவல் நிலையத்தில் முதலில் "பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அவர்தான், குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது என்று 24ஆம் பிரிவை எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு பெண் உதவி ஆய்வாளர் சுடிதாரில் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, அவன் லெகோ கட்டுவதைப் பார்த்துக்கொண்டே பேசினார். சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. நாம் கேட்டால்தான் கிடைக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். குழந்தையை இரவில் எக்காரணம் கொண்டும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். அந்தக் குழு வழக்கு முடியும்வரை கூடவே வர ஓர் ஆதரவு நபரை நியமிக்கும். இந்த ஆதரவு நபரை மட்டும் கேட்டு வாங்காமல் இருந்துவிடாதீர்கள். மருத்துவப் பரிசோதனையும் மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலமும் உண்டு. இந்த வாக்குமூலத்தைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து எல்லோரும் 164 என்றுதான் சொல்வார்கள், புதிய சட்டத்தில் அது 183ஆம் பிரிவு. பரிசோதனையின்போதும் வாக்குமூலத்தின்போதும் பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம்.

பள்ளியில் போய்ச் சொன்னபோது, "வேன் நீங்களா ஏற்பாடு செஞ்சது, எங்களுக்குச் சம்பந்தமில்லை. பள்ளி பேரு வெளிய வராமப் பாத்துக்கங்க" என்றார்கள். சம்பந்தம் இருக்கிறது. இப்படி ஒன்று தெரிந்தும் போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லாமல் இருப்பதே குற்றம், ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. அதே வேனில் போன மற்றக் குழந்தைகளின் வீட்டிலும் பேசவேண்டியிருந்தது. இரண்டு அம்மாக்கள் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மட்டும் ராத்திரி பத்து மணிக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை.

பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன், 25,000 ரூபாய் கொடுத்தேன். போக்சோ வழக்கை நடத்துவது அரசின் சிறப்பு வழக்கறிஞர். நாம் வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கூட ஒருவர் வேண்டும் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார். தனியார் ஆலோசகர் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வாங்கினார். நல்லவர்தான். ஆனால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதையே இலவசமாகச் செய்கிறார்கள் என்பது பாதியில்தான் தெரிந்தது. தொலைபேசியில் பேசினால் போதும் என்பவர்களுக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது. சிறப்பு நீதிமன்றம் வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட முடியும். மனு போடச் சொல்லி எனக்கு ஆதரவு நபர் சொன்னார். வேலையில் சம்பளம் இல்லா விடுப்பு, தினமும் ஆட்டோ, எல்லாம் சேர்த்து அந்த இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கும். நடுவில் அந்த ஆளின் குடும்பத்தார் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தார்கள். பணம் தருவதாகச் சொன்னார்கள். இது இரண்டு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கு கிடையாது. கதவைத் திறக்காமலே பேசி அனுப்பிவிட்டு, அன்றே ஆய்வாளருக்குத் தகவல் சொன்னேன்.

நீதிமன்றத்தை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். சினிமாவில் பார்த்த குறுக்கு விசாரணைதான் மனதில் இருந்தது. நடந்தது வேறு. வெளியாட்கள் யாரும் உள்ளே இல்லை. அந்த ஆள் இவன் கண்ணில் படாதபடி திரை போட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கேட்க முடியாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுப்பார், நீதிபதி கேட்பார். நடுவில் தண்ணீர் குடிக்க, விளையாட இடைவேளை விட்டார்கள். குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஓராண்டுக்குள் முடிக்கக் கூடுமானவரை முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், எங்களுக்கு வாய்தா மேல் வாய்தா ஆகி இரண்டு வருடம் கடந்தது. 12 வயதுக்குக் கீழான குழந்தை என்பதால் 10ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு தண்டனை வந்தது. மேல்முறையீடு நடக்கிறது.

சரி, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? நாங்கள் இப்போது வீட்டில் செய்வதை மட்டும் சொல்கிறேன். உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் வெட்கப்படாமல் பேர் சொல்லப் பழக்கினோம். பேர் தெரியாததை எந்தப் பிள்ளையும் எடுத்துச் சொல்ல முடியாது. ஜட்டி மறைக்கும் இடத்தை அம்மா குளிப்பாட்டும்போதும், அம்மா கூட இருக்க மருத்துவர் பார்க்கும்போதும் தவிர வேறு யாரும் தொடவோ பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. அவர்களுடையதைத் தொடச் சொன்னாலும் கூடாது. பிறந்தநாள் கேக் மாதிரி நாலு நாளில் வெளியே வந்துவிடும் ரகசியம் சரி. எப்போதுமே சொல்லக் கூடாது, அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றால் அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இந்த ஒன்றைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மிட்டாய் என்றாலும், போன் என்றாலும், முன்சீட்டு என்றாலும், கெடுதல் செய்பவன் கதவைத் திறப்பது ரகசியத்தால்தான். சொல்வதற்கு ஐந்து பேர் வேண்டும். அம்மாவும் அப்பாவும் மட்டும் போதாது, ஏனென்றால் தப்பு செய்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஐந்து விரலுக்கு ஐந்து பேரை அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். அதில் அவனுடைய தமிழ் டீச்சர் ஒரு விரல்.

நம் வீடுகளில் மிகவும் கஷ்டமானது அடுத்தது. "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு", "தாத்தா மடியில உக்காரு" என்று கட்டாயப்படுத்துவதை நிறுத்தினோம். பிடிக்கவில்லை என்றால் கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும். என் மாமியாருக்கு முதலில் மனவருத்தம்தான். "நீங்க கேட்டா அவன் வேண்டாம்னு சொல்லலாம் அத்தை. உங்ககிட்டச் சொல்லிப் பழகினாத்தான் வெளிய இருக்கிறவன்கிட்டச் சொல்லுவான்" என்றேன். இப்போது அவரே அவனிடம் கேட்டுவிட்டுத்தான் அணைக்கிறார். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்குப் பெரியவரைப் பார்த்துக் கத்த வாயே வராது. அதற்காக மொட்டைமாடியில் போய்ப் பழகினோம். "வேண்டாம்! கையை எடு! அம்மாகிட்டச் சொல்லுவேன்!" முதல் நாள் அவன் குரல் எனக்கே கேட்கவில்லை. "எடுங்க" என்றுதான் வந்தது. மரியாதை வேண்டியதில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் குரல் எழும்பியது. தெரியாத ஆள் பொது இடத்தில் இழுத்தால் வெறுமனே அழக் கூடாது, அப்பன் பிள்ளைச் சண்டை என்று ஜனம் ஒதுங்கிப் போகும். "இவர் எங்கப்பா இல்ல! இவரை எனக்குத் தெரியாது!" என்று கத்த வேண்டும். மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்தவனின் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருகி இழுக்க வேண்டும், பிடியில் தளர்வான இடம் அதுதான். முடியவில்லை என்றால் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், கம்பத்தையோ காலையோ கட்டிக்கொள்ள வேண்டும். கை விடுபட்டதும் நின்று சண்டை போடாமல் ஆள் இருக்கும் கடைக்கு ஓட வேண்டும். வீட்டுக்கென்று ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறோம். "அம்மா அனுப்பினாங்க" என்று யார் வந்தாலும் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் அவன் போவான். ஆன்லைன் விளையாட்டில் பேசுகிறவர் படம் கேட்டாலும் இதே விதிகள்தான்.

கராத்தே விட்டுவிட்டானா என்று கேட்பீர்கள். அந்த வகுப்பை விட்டான், இப்போது சிலம்பம் போகிறான். உடம்பில் தெம்பும் நிமிர்ந்து நிற்கும் பழக்கமும் அதில் கிடைக்கிறது, அது நல்லதுதான். வகுப்பு தேடும்போது மெடல் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் ஒரு முழு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது என்றால் அங்கே வேண்டாம். பிள்ளையின் கால், இடுப்பைத் திருத்தும்போது மாஸ்டர் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா, தனியறைக்குக் கூப்பிடுகிறாரா, உடை மாற்றும் இடத்தில் யார் இருக்கிறார், தனிப்பயிற்சி என்று ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்திவைக்கிறாரா என்று பாருங்கள். தப்பிப்பதைச் சொல்லித் தருகிறாரா, போட்டிக்கு மட்டும் தயார் செய்கிறாரா என்று கேளுங்கள். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். பிள்ளை போகமாட்டேன் என்றால் பணத்துக்காக அனுப்பத் தோன்றும். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு மேல் மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி இருக்கிறது. உங்கள் பள்ளியில் நடக்கிறதா என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பையன்களுக்கும் கேளுங்கள்.

வேனில் அனுப்புகிறவர்கள் நம்பர் பலகையைப் பாருங்கள். வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டி, வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. ஆர்.சி. எனும் வண்டிப் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் இரண்டையும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையும் கடைசியில் தனியாக மிஞ்சாதபடி, இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்தில் இறங்கும்படி பெற்றோர் பேசி வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் இப்போது அப்படித்தான்.

உங்கள் பிள்ளை ஏற்கெனவே ஏதாவது சொல்லியிருந்தால், அல்லது இதைப் படிக்கும்போது ஒரு வயிற்றுவலி நினைவுக்கு வந்தால், 1098க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். அவசரம் என்றால் 112. பள்ளிக்குள் நடந்தது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417இலும் சொல்லலாம். பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தால், என்ன செய்வது என்று மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள். நடந்து பல மாதம் ஆகிவிட்டது என்றாலும் கூப்பிடுங்கள்.